கரும்பலகையில் வரைந்த பெருச்சாளி

தம்பிக்கு,

நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று உன் அம்மா பிறகு உன்னிடம் சொன்னாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நம் ஊரில் புதிதாக வந்திருக்கும் பள்ளிக்கூடத்தில் கதை வாரம் கொண்டாடுகிறார்கள், பிள்ளைகள் முன்னால் கதை சொல்லிப் படம் வரைந்து காட்ட உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டாய். பள்ளிக்கூடத்தின் தாளாளர் மிராசு வீட்டுப் பேத்தி என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பா, அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அன்னைக்கு அவங்களுக்குக் கை எட்டலையாம். சொன்னாலே அப்பாவுக்குப் புரியும்னாங்க" என்றாய். புரிந்தது. அதனால்தான் வைத்தேன். போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. காரணம் சொல்லாமல் போகாதே என்று சொன்னால் நீ கேட்கிற ஆள் இல்லை. எனவே காரணத்தை எழுதுகிறேன். படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க. விடுங்களேன்" என்றாள். பழங்கஞ்சிதான் உடம்புக்கு நல்லது என்றேன். "எழுதுறது எழுதுறீங்க, என்னைப் பத்திப் பொய் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மிராசை 'அவன்' என்று எழுதத்தான் எனக்குக் கை வருகிறது. அவள் படித்துப் பார்ப்பாள் என்பதால் 'அவர்' என்று எழுதுகிறேன். மரியாதை அவளுக்கு, அவருக்கு இல்லை.

உனக்கு அரைகுறையாகத் தெரிந்ததை முதலில் முழுதாகச் சொல்கிறேன். உன் தாத்தா, என் அப்பா, வெட்டாற்றுக் கரையில் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, மிராசிடம் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்துவந்தார். குறுவையும் தாளடியும் அவர் கையில்தான். வரப்பில் எது நண்டு வளை, எது எலி வளை என்று காலால் தடவியே சொல்வார். ஆட்சி மாறியிருந்த காலம் அது. ஊரெங்கும் புதுக் கொடி, மேடையெங்கும் அடுக்குமொழி. இன்னொரு பக்கம் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி, அறுப்புச் சமயத்தில் வயலோரம் போலீஸ் லாரி. உழுகிறவன் தன் பேரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்துகொள்ளலாம், பதிவாகிவிட்டால் அவனை யாரும் நிலத்திலிருந்து கிளப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் ஊருக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து சாவடியில் உட்கார்ந்து விசாரித்தார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு மனு எழுதியது நான்தான். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே கூட்டிப்போனேன். "நான்தான் சாகுபடி பண்றேன்னு சொல்லுங்கப்பா. வேற ஒரு வார்த்தையும் வேணாம்." அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார்.

சாவடியில் அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் மிராசு உட்கார்ந்திருந்தார். போன தேர்தல் வரை பழைய கட்சித் துண்டு போட்டிருந்தவர். அதற்குள் புதுக் கட்சிக் கரைவேட்டிக்கு மாறியிருந்தார். அப்பா பேரைக் கூப்பிட்டதும் அவர் சிரித்தார். "இவன் நம்ம வீட்டுப் புள்ள மாதிரி சார். நம்ம வயலை நமக்காகப் பார்த்துக்கிறான். குத்தகையாவது ஒண்ணாவது." அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மிராசின் பேச்சை எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பி, "நீங்க சொல்லுங்க பெரியவரே. நிலத்துல சாகுபடி யாரு?" என்று கேட்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அப்பா சொன்னார், "ஐயா சொன்னா சரிங்க."

தலைமுறை தலைமுறையாகப் பழகிய வாய், தம்பி. மிராசு மழை வரும் என்றாலும் ஐயா சொன்னால் சரி, வராது என்றாலும் ஐயா சொன்னால் சரி. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்றுகொண்டு அவரை மறுத்துப் பேசுவதற்கு அப்பாவிடம் வார்த்தையே கிடையாது. மரியாதைக்குச் சொன்னதை அதிகாரி பதிலாக எழுதிக்கொண்டார். அடுத்த நடவுக்கு அந்த ஒன்பது மாவில் வேறு ஆளின் ஏர் இறங்கியது. அப்பா அதே வயலுக்குக் கூலியாளாகப் போனார். இரண்டு வருடத்தில் நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனார். மிராசு மாலை போட வந்தார். நான் எழுந்து நிற்கவில்லை. அப்போது என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வயிற்றுப் பாட்டுக்குச் சுவர் எழுதப் போனேன். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் எழுதுவேன். ஒன்றியத் தேர்தலில் மிராசு நின்றார். அவர் முகத்தைச் சுவரில் பெரிதாக வரைய வேண்டும் என்று கட்சிக்காரர்கள் ஒரு போட்டோவைக் கொடுத்தார்கள். போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டு, சுவரில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவதுதான் எங்கள் வழக்கம். ஆற்றுப்பாலத்திலிருந்து திருவாரூர் சாலை வரை இருபது சுவர்களில் அந்த முகத்தை வரைந்தேன். மூன்று மடிப்புத் தாடை, இரண்டு காதிலும் கடுக்கன், மூக்கோரம் சுண்டைக்காய் மாதிரி ஒரு மரு. அப்பாவை ஏமாற்றிய முகத்தை வண்ணம் குழைத்து அழகுபடுத்தினேன். போட்டோ கடைக்காரர் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டதால் மரு வலதுபக்கம் இருக்க வேண்டியது இடதுபக்கம் வந்திருந்தது. எனக்கு அது தெரியாது. அந்த முகத்தை நான் நிமிர்ந்து பார்த்த நேரத்தை விடப் போட்டோவைப் பார்த்த நேரம் அதிகம். தெரிந்த ஊர்க்காரர்களோ வாயைத் திறக்கவில்லை. ஐயா முகத்தில் ஐயாவே மாற்றி வைத்திருந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். மிராசு ஜெயித்தார்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு சிறுவர் பத்திரிகையில் படம் போடும் வேலை கிடைத்தது. உன் அம்மா அங்கே கதை எழுதிக்கொண்டிருந்தாள். நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட கதை உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது. அவள் எழுதிய கதைகளில் வந்த கெட்டவன் ஒவ்வொருவனுக்கும் நான் மிராசின் முகத்தைத்தான் போட்டேன். நரி, அரக்கன், பேராசை பிடித்த ராஜா, குளத்தைக் கலக்கும் எருமை, எல்லாவற்றுக்கும் மூன்று மடிப்புத் தாடை, கடுக்கன், மூக்கோரம் மரு. நாடு முழுக்கப் பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொரு இதழும் அச்சாகி வரும்போது எனக்கு ஒரு வாய் நல்ல சோறு சாப்பிட்ட மாதிரி இருக்கும். உன் அம்மாவுக்குத் தெரியாது. எல்லாக் கெட்டவர்களும் ஏன் ஒரே சாடையாக இருக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டாள். கெட்டவர்கள் எல்லோரும் ஒரே சாடைதான் என்றேன்.

பத்திரிகைக்காரர்கள் எங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். கதை எப்படி உண்டாகிறது, படம் எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். நீ இன்று செய்கிற வேலைதான். உன் அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். முடிந்த கதையைப் படிக்க மாட்டாள். பாதி சொல்லி நிறுத்துவாள். நான் சாக்குக்கட்டியோடு கரும்பலகை முன்னால் நிற்பேன். "இவனுக்குக் காது எப்படி இருக்கும்? மூக்கு?" என்று அவள் கேட்க, பிள்ளைகள் கத்த, கத்தியதை எல்லாம் நான் வரைவேன். முறம் காது என்றால் முறம் காது. அப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தங்கள் வாயிலிருந்து போனது பலகையில் கண் திறப்பதைப் பார்த்துப் பெஞ்சு மேல் ஏறிவிடுவார்கள். இந்த இடத்தில் உனக்கு ஒரு பாடம். உன் மனதில் படத்தை முடித்து வைத்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் போகாதே. நான் ஒரே ஒருமுறை அப்படிப் போனேன், நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு.

நம்மூர்க்காரர் பெரிய ஓவியராகிவிட்டார் என்று தலைமையாசிரியர் மாலையோடு நின்றார். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மாவின் அன்றைய கதை, வாய்க்கால் மதகில் படுத்துக்கொண்டு ஊர்த் தண்ணீரையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்ட ஒரு பெருச்சாளியையும், அதை எதிர்த்த வயல் நண்டுகளையும் பற்றியது. "பெருச்சாளிக்குத் தாடை எப்படி இருக்கும்?" என்று அவள் கேட்டாள். "கூரா!" என்று கத்தினார்கள். நான் மூன்று மடிப்புப் போட்டேன். "காதுல என்ன?" "ஒண்ணுமில்லை!" நான் கடுக்கன் மாட்டினேன். இடுப்பில் கரைவேட்டி கட்டினேன். மூக்கின் இடதுபக்கம் மரு வைத்தேன். கூடம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நான்காம் வகுப்புப் பயல்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அப்போது முன்வரிசையில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "சார், சார், இது எங்க தாத்தா! மரு அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம்!" என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத தப்பை அந்தக் குழந்தை சொன்னது. தன் தாத்தாவைப் பெரிய ஓவியர் வரைகிறார் என்ற பெருமையில் சொன்னது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? துடைப்பானால் பலகையைத் துடைத்திருக்க வேண்டும். நான் சொன்னேன், "அப்படியா பாப்பா? ரொம்ப தேங்க்ஸ்." மருவை அழித்து வலதுபக்கம் வைத்தேன். இப்போது அச்சு அசலாக அவரே.

உன் அம்மாவுக்கு அந்த நிமிடம் எல்லாம் விளங்கிவிட்டது. கதையை நிறுத்தினாள். "மீதியை நீங்க வீட்டுக்குப் போய் யோசிச்சு முடிங்க கண்ணுகளா. இப்ப பாட்டுப் பாடலாமா?" என்றாள். நான் விடவில்லை. கதையின் முடிவு எனக்குத் தெரியும். கையில் சாக்குக்கட்டி இருந்தது. பெருச்சாளியின் வாலில் நண்டுகளைத் தொங்கவிட்டேன். கரைவேட்டியை அவிழ்த்து மதகில் மாட்டினேன். கண் பிதுங்க, நாக்குத் தள்ள, சேற்றில் சிக்கித் தவிப்பது போல வரைந்தேன். கூடமே எழுந்து நின்று ஓவென்று கத்திக் கைதட்டியது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பன்கள் சாவடியில் கைகட்டி நின்றவர்கள். கைதட்டலுக்கு நடுவில் அந்தப் பெண் அழவில்லை. நேராகப் பலகைக்கு வந்தாள். பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் முகத்தை அழிக்கப் பார்த்தாள். எக்கி எக்கிப் பார்த்தும் தாடை வரைக்கும்தான் எட்டியது. தாடையை மட்டும் அழித்தாள். மரு, கடுக்கன், பிதுங்கிய கண் எல்லாம் மேலே அப்படியே இருந்தன. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளுக்கு எட்டாததை அழித்துக்கொடுக்கவில்லை. உன் அம்மாதான் ஓடிவந்து முந்தானையால் துடைத்தாள்.

அன்று பஸ்ஸில் வரும்போது உன் அம்மாவிடம், மனசு கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னேன். பொய். கோடையில் காய்ந்து கிடந்த உடம்பில் முதல் மழை விழுந்த மாதிரி இருந்தது. யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள், அன்று பூனையின் காலம். ஒரு மாதத்தில் ஊரில் கரித்துண்டு கிடைத்த பிள்ளையெல்லாம் கடுக்கன் போட்ட பெருச்சாளியை வரைய ஆரம்பித்தது. வாய்க்கால் மதகில், சாவடித் தூணில், மிராசு வீட்டு மதில் சுவரில். ஆள் வைத்து வெள்ளையடித்தார். வெள்ளைச் சுவர் வரைவதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று. அவர் வரப்பில் நடந்தால் வயலுக்குள்ளிருந்து யாரோ கீச்சென்று கத்துவார்கள். சாகும்வரை அவருக்கு ஊரில் அந்தப் பேர்தான். நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி. இன்றும் அதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நான் பெரிய மனிதனாகிவிட்டேன் என்று உனக்குப் பொய் சொல்ல இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை.

ஒருநாள் திருவாரூர் பஸ் நிலையத்தில் அவரே எதிரில் வந்து நின்றார். தடி ஊன்றியிருந்தார். அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். "நல்லா வரையுறியாமேடா. யாரு மவன் நீ?" என்று கேட்டார். அவருக்கு என்னைத் தெரியவே இல்லை. எதற்காகத் தன் சுவரில் பெருச்சாளி வந்தது என்பதே தெரியவில்லை. அப்பாவின் பேரைச் சொன்னேன். "அட, அவனா? தங்கமான மனுஷன். எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டினார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

உன் அம்மா என்னோடு பள்ளிக்கூடங்களுக்கு வருவதை அந்தப் பெருச்சாளியை வரைந்த நாளோடு நிறுத்திவிட்டாள். பத்திரிகைக்கு எழுதினாள், நான் படம் போட்டேன், ஆனால் பிள்ளைகள் முன்னால் என்னோடு நிற்கவில்லை. "உங்க கோவம் நியாயம்தாங்க. ஆனா உங்க சண்டைக்கு நீங்க பெரியவங்களைக் கூப்பிட்டிருக்கணும். எட்டு வயசுப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அவரை அடிச்சீங்க" என்றாள். வேண்டுமானால் இதையும் பாடமாக வைத்துக்கொள். சாக்குக்கட்டியைப் பிடித்தவன் சொல்வதைப் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் நம்புகிறார்கள். சாவடியில் உட்கார்ந்திருந்தவர் சொன்னதற்கு என் அப்பா சரி என்று மட்டும்தான் சொன்னார், இவர்கள் நம்பியே விடுகிறார்கள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். போ. அந்தப் பள்ளிக்கூடம் நிற்பது அந்த ஒன்பது மாவில்தான் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வயலை மேடாக்கிக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் மிராசுக்கு மார்பளவு சிலை இருக்கிறதாம். மருவை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவிடம், அன்றைக்குத் தான் செய்தது தப்பு என்று அப்பா ஒப்புக்கொண்டார் என்று சொல். அவளுக்கு மட்டும் சொல். அவள் தாத்தாவுக்கு என்னிடம் மன்னிப்பு கிடையாது, சிலைக்கும் கிடையாது. பிள்ளைகள் முன்னால் பெருச்சாளியை வரையாதே. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாற்று நட்டவர் இவர் என்று சொல்லி உன் தாத்தாவை வரை. அந்தச் சிலைக்கு முதுகுப்புறம் இருக்கும் சுவரில், ஆள் உயரத்துக்கு வரை. அதுதான் எனக்கு வேண்டும். மிச்சமிருக்கும் பழி அது ஒன்றுதான், அதை உன் கையால் தீர்த்துக் கொடு.

மாதிரிக்கு ஒரு படம் வரைந்து இந்தக் கடிதத்தோடு வைக்கலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். அவருக்குப் போட்டோ கிடையாது. கால் வந்தது, சேற்றுக் கால். இடுப்புத் துண்டு வந்தது. கை, தோள் வந்தது. முதுகு சுலபமாக வந்தது. கழுத்துக்கு மேலே போனதும் தாடை மூன்றாக மடிந்தது. கிழித்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடி அதே தாடை. மதியம் வரை கிழித்துக்கொண்டிருந்தேன். மிராசு என் கையில் புகுந்து கெடுக்கிறார் என்று முதலில் அவரைத்தான் திட்டினேன். அவர் இல்லை, தம்பி. சாவடியிலிருந்து வீட்டுக்கு நடந்த அந்த வழியில் அப்பா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் இருந்த இரண்டு வருடமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவர் சோறு போட்டார், நான் தட்டைப் பார்த்தேன். அவர் பேசினார், நான் சுவரைப் பார்த்தேன். நிலத்தை விட்டுக்கொடுத்த மனிதனை முகம் கொடுத்துப் பார்ப்பதில்லை என்று பதினாறு வயதில் ஒரு வைராக்கியம். செத்த அன்றும் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரோடு வயலில் நின்றவர்கள் யாராவது ஊரில் இருப்பார்கள். தேடிப் போய், அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டு வாங்கி வரை. எதற்கு இவ்வளவு விசாரிக்கிறாய் என்று கேட்டால் மறைக்காதே. அவர் மகனுக்குத் தெரியவில்லை என்று சொல்.

அப்பா